கூரையில்லாத வீட்டுக்குக் கூரை போடலாமா?

கமெரா தன்னிடம் வரும் ஒளியைப் பதிகிறது. லேசர் ஸ்கானர் தானே ஒளியை அனுப்பி, அது ஒரு பொருளில் பட்டுத் திரும்ப எடுக்கும் நேரத்தை அளக்கிறது. நேரத்திலிருந்து தூரம், தூரத்திலிருந்து ஒரு புள்ளி. இலட்சக்கணக்கான புள்ளிகள் சேர்ந்தால் ஒரு வீடு. பிறகு கணினியில் அதற்குள் எந்தப் பக்கத்தாலும் நுழைந்து நடக்கலாம். லேசர் எட்டாத இடம் மட்டும் வெறும் கறுப்பாகக் கிடக்கும்.

காணொளிக் கலைஞர்களை ஈர்த்ததில் அந்தக் கறுப்புக்கும் பங்குண்டு. 2008இல் ரேடியோஹெட் குழுவின் ‘ஹவுஸ் ஒஃப் கார்ட்ஸ்’ பாடல் காணொளி, கமெராவே இல்லாமல் ஸ்கான் தரவுகளைக் கொண்டு ஆக்கப்பட்டது. முகம் புள்ளிகளாகச் சிதறுவதே அதன் அழகு. 2016இல் லியம் யங், டிட்ராயிட் நகரை வைத்து ‘வேர் த சிற்றி கான்ட் சீ’ என்ற கதைப்படத்தை லேசர் ஸ்கானர்களாலேயே எடுத்தார். இயந்திரத்தின் கண்ணுக்குத் தப்பும் இடங்களைத் தேடும் இளைஞர்களின் கதை அது.

2020இலிருந்து ஐபோன் புரோ வகைகளிலும் இந்த ஸ்கானர் வந்துவிட்டது. ஸ்காபரோவிலிருந்து ஊருக்குப் போய்வருகிறவர்களின் சட்டைப்பைக்குள்ளும் அது இருக்கிறது.

நண்பர் ஒருவர் யாழ்ப்பாணத்தில் கூரையிழந்து நிற்கும் தங்கள் வீட்டை அப்படி ஸ்கான் செய்துகொண்டு வந்தார். எண்பது கடந்த தாயாரால் இனிப் பயணம் போக முடியாது. அவருக்குக் காட்ட ஒரு காணொளி செய்துதரும்படி என்னிடம் கேட்டார். “கூரையையும் போட்டுவிடுங்கோ. உடைஞ்ச வீட்டைப் பார்த்து அம்மா என்ன செய்யிறது?”

மென்பொருளுக்கு அது சின்ன வேலை. சுற்றியுள்ள புள்ளிகளை வைத்து ஓட்டையை மூடிவிடும், தடமே தெரியாது. எனக்கு உறுத்தியது அந்தத் தடமின்மைதான். ஓவியத்தை எவரும் அளவையாக எடுப்பதில்லை. ஸ்கானை நம்புகிறோம், அது அளந்து சொல்வதால். 2012இல் ஸ்கான்லாப் குழுவும் ஃபொரன்சிக் ஆர்க்கிடெக்சரும் முன்னாள் யூகோஸ்லாவியாவின் தடுப்பு முகாம்கள் இருந்த இடங்களை ஸ்கான் செய்தது அந்த நம்பிக்கையில்தான். ஊகம் அளவையின் உடுப்பைப் போட்டுக்கொண்டால், நாளை உண்மையான சாட்சியத்தையும் சந்தேகிக்க இடம் கொடுத்தவர்களாவோம். கூரை போன கதையும் அந்த வீட்டின் கதைதானே.

ஆனால் தாயாரின் நினைவிலுள்ள கூரை பொய்யா? ஓவியர் தா. சனாதனன் 2011இல் ‘தி இன்கம்ப்ளீட் தோம்பு’ நூலில் இதற்கு ஒரு வழி காட்டியிருக்கிறார். இடம்பெயர்ந்தவர்கள் தங்கள் வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரைந்தார்கள். அதனுடன் கட்டடக்கலை வரைபடமும் ஓவியரின் சித்திரமும் சேர்கின்றன. ஒவ்வொரு கையும் தனித்தனியே தெரிகிறது.

பழைய கட்டடங்களைப் புதுப்பிப்போருக்கான 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனமும் இதையே கேட்கிறது: இழந்த பகுதியை நிரப்பலாம், அது முழுமையோடு இசையவும் வேண்டும், ஆனால் பழையது எது, புதியது எது என்று பிரித்தறிய முடியவேண்டும்.

ஆகவே நண்பரிடம் சொன்னேன்: “கூரை போடுவம். அம்மாவைக் கேட்டுப் போடுவம்.” வளை எங்கே, ஓடு எதுவரை, குசினிப் புகை எந்தப் பக்கத்தால் போனது என்று அவர் சொல்லச் சொல்ல, மெல்லிய மஞ்சள் கோடுகளாக வரைந்தோம். சுவர் லேசர் கண்டது. கூரை அம்மா கண்டது. இரண்டும் ஒரே காணொளியில் இருக்கலாம், ஒன்றின் பெயரில் மற்றது பேசாதவரை.