கடனும் வாய்மையும்

பகவான் புத்தர் இல்லறத்தார்க்குரிய நான்கு இன்பங்களை அநாதபிண்டிகருக்கு உபதேசித்தபோது, கடனின்மையையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார். கடன்பட்டவனைச் சங்கத்திற் சேர்த்தலாகாது என்பது விநய விதி. துவராடைக்குள் ஒளிந்தாலும் கடன் தீராது என்பதே அதன் கருத்து.

தலைநகராம் தில்லியில் பிழைக்க வந்த நம்மவர் சிலர், வட்டிச் சுமை தாளாது ஊரைவிட்டு ஓடவும், உயிரை மாய்த்துக்கொள்ளவும் எண்ணுகின்றனர். வேண்டாம்! சட்டம் ஒரு வாயிலைத் திறந்து வைத்துள்ளது. 1920ஆம் ஆண்டின் மாகாண இன்சால்வென்சிச் சட்டப்படி, 500 ரூபாயோ அதற்கு மேலோ கடன்பட்டுத் தீர்க்க இயலாதவர் மாவட்ட நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம்.

நீதிமன்றம் அவருடைய சொத்தைக் கைக்கொண்டு, கடன் கொடுத்தோர்க்குப் பங்கிடும். அவசியமான உடை, சமையற் பாத்திரம், படுக்கை, தொழிலாளியின் கருவிகள் ஆகியவற்றைத் தொடாது. பின்னர் விடுவிப்பு ஆணை கிடைப்பின் எஞ்சிய கடன் நீங்கும்; ஆனால் வஞ்சித்துப் பெற்ற கடனும் அரசாங்கப் பாக்கியும் நீங்கா. சொத்தை ஒளிப்பவர் தண்டனைக்குரியவர்.

இதனை உலகம் ‘மஞ்சள் கடுதாசி’ என்று இகழும். இகழட்டும்! உள்ளதை மறையாது உரைப்பவர்க்கு அதில் இழுக்கில்லை. நீதிமன்றம் வேண்டுவதும் நான்காம் சீலம் வேண்டுவதும் வாய்மை ஒன்றே. இன்றிரவே உங்கள் கடன்களை ஒரு தாளில் எழுதுங்கள், மனைவி மக்களிடம் மறையாது கூறுங்கள், வழக்கறிஞரை நாடுங்கள்.

அனைவரும் கடனின்றி இன்புற்று வாழ்க!