மதிக்கத்தக்க

ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர், காலை.

டீக்கடைச் சுவரில் காவல் துறை ஒட்டிய தாள் ஒன்று. சாரலில் ஊறிக் காய்ந்து ஓரம் சுருண்டிருக்கிறது. சுமார் 45 வயது மதிக்கத்தக்க ஆண். மாநிறம். நீலக் கட்டம் போட்ட லுங்கி. வலது முழங்காலுக்குக் கீழே பழைய தழும்பு. படத்தில் இருப்பது இப்போது யாருடைய முகமும் இல்லை, வெறும் கறுப்பு.

சின்ன வயதிலிருந்து பேப்பரில் பார்த்துப் பழகிய சொல்தான் ‘மதிக்கத்தக்க’. வயது தெரியாதபோது உத்தேசமாகச் சொல்ல எழுதுவது. ஆனால் மரியாதைக்கும் தமிழில் இதே சொல்தானே? பெயர் தெரியாமல் புதரோரம் கிடந்த ஒருவரைப் பற்றி நிலைய எழுத்தர் எழுதும் முதல் வரியிலேயே அது வந்து உட்கார்ந்துகொள்கிறது. அவர் நினைத்து எழுதியிருக்க மாட்டார். என்னால் அதை விட்டு நகர முடியவில்லை. டீ ஆறிவிட்டது.

*

அடையாளம் தெரியாத உடல் கிடைத்தால் அதற்கு ஒரு நடைமுறை உண்டு. கிராம நிர்வாக அலுவலர் புகார் கொடுப்பார். சந்தேக மரணம் என்று வழக்குப் பதிவாகும், முன்பு பிரிவு 174, புதிய சட்டத்தில் பிரிவு 194. பிரேதப் பரிசோதனை. பிணவறையில் சில நாள் காத்திருப்பு. யாரும் வரவில்லை என்றால் காவலர் ஒருவர் நின்று அடக்கம் செய்வார். கழுத்தை நெரித்த தடம் இருந்தால் அது கொலை வழக்கு. ஆனால் செத்தது யார் என்று தெரியாமல் கொன்றது யார் என்று எங்கிருந்து தொடங்குவது? யாருக்குக் கடன், யாரோடு பகை, கடைசியாக யார் வீட்டில் சாப்பிட்டான், எல்லாம் பெயரைப் பிடித்துக்கொண்டுதான் வரும்.

*

எங்கள் பாட்டியின் இளைய மகன் வேலைக்குப் போகிறேன் என்று கிளம்பியவர், திரும்பவில்லை. பாட்டிக்குப் படிக்கத் தெரியாது. சாயங்காலம் பேப்பர் வந்ததும் எங்களில் ஒருவரைத் திண்ணையில் உட்காரவைத்து அந்த ‘மதிக்கத்தக்க’ பத்தியைத் தேடிப் படிக்கச் சொல்வாள். “தாடையில வெட்டுத் தழும்பு போட்டிருக்கா பாரு.” போடவில்லை என்போம். “சரி” என்று எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். அந்த ஒரு ‘சரி’க்குள் என்ன இருந்தது என்று அப்போது தெரியவில்லை. தழும்பு இருந்திருந்தால் கொண்டுவந்து எரித்திருப்பாள். இல்லாததால் அவன் உயிரோடு இருந்தான். கடைசி வரைக்கும் பொட்டலம் கட்டி வந்த பேப்பரைக்கூட எங்களிடம் நீட்டினாள்.

*

கீழ்செப்பிளி. பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு பெரிய கல்லால் மூடிய கல்வீடுகள். மழைநீர் தேங்கிய பாறையில் வரிசையாக நிற்கின்றன. இறந்தவர்களுக்காகக் கட்டியவை. ஊரில் வாலியர் வீடு என்கிறார்கள், குள்ளர் வீடு என்றும் சொல்கிறார்கள். குனிந்து உள்ளே பார்த்தேன். எழுத்து இல்லை, குறி இல்லை. யாருக்காக என்பது கட்டியவர்களுக்குத் தெரிந்திருக்கும், அதோடு போய்விட்டது. பின்னால் வந்தவர்கள் அப்படியே விட மனமில்லாமல் ஒரு பெயரை அவர்களாகவே வைத்திருக்கிறார்கள்.

மலையை விட்டுக் கீழே இறங்கினால் செங்கம் பக்கமெல்லாம் நடுகற்கள். அங்கே எழுத்து வந்துவிட்டது. எடுத்தனூர் நடுகல் மகேந்திரவர்மனின் 34-ஆவது ஆட்சியாண்டில், 7-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வைத்தது. எந்த அரசனின் எந்த ஆண்டு, யாருடைய சேவகன், எதைக் காக்கப்போய் விழுந்தான் என்று வரிசையாக வட்டெழுத்தில் சொல்கிறது. எருமைகளை மீட்கப்போய் இறந்தவன் கருந்தேவக்கத்தி. அவனுக்குப் பின்னால் ஒரு நாய் நிற்கிறது. அதன் பெயர் கோவிவன். இரண்டு கள்ளர்களைக் கடித்து, எசமானன் பக்கத்திலேயே காத்திருந்தது என்று அதற்கும் தனியாக எழுதியிருக்கிறார்கள். ஒரு பிரேத விசாரணை அறிக்கையில் கேட்கும் எல்லாக் கேள்விக்கும் அந்தக் கல்லில் பதில் இருக்கிறது. 1,400 வருஷமாக அந்த நாய்க்குப் பெயர் இருக்கிறது.

*

இந்த மலைக்கு உடல்களை அடையாளம் காட்டப் போன அனுபவம் உண்டு. 2015 ஏப்ரல் 7 அன்று திருப்பதிக்குப் பக்கத்தில் சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல் படை சுட்டதில் 20 பேர் இறந்தார்கள். செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்றது காவல் துறை. அவர்களில் ஜவ்வாது மலையையும் அடிவாரத்தையும் சேர்ந்தவர்கள் இருந்தார்கள். அந்தப் பேச்சை எடுத்தால் டீக்கடையில் இப்போதும் குரல் தணிகிறது. நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

*

காவலூர், இரவு. வைணு பாப்பு வானாய்வகத்தின் வெள்ளைக் கூண்டு மரங்களுக்கு மேலே தெரிகிறது. 1988 பிப்ரவரி 17 அன்று இங்கிருந்து ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார்கள். புதிதாக ஒன்று தென்பட்டதும் முதலில் தற்காலிகக் குறி மட்டும் கொடுப்பார்கள். பல இரவு பார்த்து, அதன் பாதை பிடிபட்டு, இது வேறெதுவும் இல்லை, இதுவேதான் என்று உறுதியான பிறகுதான் நிரந்தர எண்ணும் பெயரும். இது 4130 ராமானுஜன் ஆயிற்று. இருட்டில் ஒரு புள்ளிக்கு இத்தனை பொறுமை காட்டியிருக்கிறார்கள் என்று நினைக்கையில் நெஞ்சு நிறைகிறது.

*

அமெரிக்காவில் பிலடெல்பியா. 1957 பிப்ரவரியில் காட்டோரம், குழந்தைத் தொட்டில் வந்த அட்டைப் பெட்டிக்குள் ஒரு சிறுவனின் உடல். அடித்துக் கொன்றிருந்தார்கள். போர்வை சுற்றியிருந்தது. தலைமுடி புதிதாக வெட்டப்பட்டிருந்தது. நான்கிலிருந்து ஆறு வயது மதிக்கத்தக்க பையன். படம் போட்ட லட்சக்கணக்கான தாள்களை அச்சடித்து, வீடுகளுக்குப் போகும் எரிவாயு ரசீதோடுகூட வைத்து அனுப்பினார்கள். யாரும் வரவில்லை. விசாரித்தவர்களே அடக்கம் செய்தார்கள். அவர்கள் ஓய்வுபெற்ற பிறகும் கல்லறைக்குப் பூ வைக்கப் போனார்கள்.

1998-இல் ஒரு முறை தோண்டியெடுத்துப் பல்லிலிருந்து மரபணு எடுத்தார்கள். போதவில்லை. 2019-இல் மறுபடியும். சிதைந்த மரபணுவைத் துண்டு துண்டாகச் சேர்த்துப் படித்து, தங்கள் வம்சத்தைத் தெரிந்துகொள்ளத் தாங்களாகவே மரபணுவைப் பதிந்துவைத்தவர்களோடு ஒப்பிட்டார்கள். எங்கோ இருக்கும் ஒன்றுவிட்ட, இரண்டுவிட்ட உறவுகள் கிடைத்தன. அங்கிருந்து வம்சக் கொடியை வரைந்து வரைந்து கடைசியில் ஒரு பிறப்புச் சான்றிதழில் வந்து நின்றார்கள். 2022 டிசம்பரில் பெயரை அறிவித்தார்கள். ஜோசப் அகஸ்டஸ் ஜரெல்லி. பிறந்தது 1953 ஜனவரி 13. இறக்கும்போது நான்கு வயது. அவனது 70-ஆவது பிறந்தநாளில் பெயர் பொறித்த கல்லை வைத்தார்கள். கொன்றவர் யார் என்று இன்றுவரை வழக்கு முடியவில்லை. ஆனால் கல் நட்டாயிற்று.

*

தூக்கம் வரவில்லை. செம்மணி.

1996 செப்டம்பர் 7 அன்று, வேதியியல் பரீட்சை எழுதிவிட்டு வீட்டுக்குத் திரும்பிய கிருஷாந்தி குமாரசுவாமியை யாழ்ப்பாணத்துச் செம்மணிச் சோதனைச் சாவடியில் இலங்கை இராணுவத்தினர் பிடித்தார்கள். தேடிப்போன அம்மா, தம்பி, அயலவர் மூவரும் திரும்பவில்லை. நால்வரும் கொல்லப்பட்டுப் புதைக்கப்பட்டிருந்தார்கள். அந்த வழக்கில் 1998-இல் தண்டனை பெற்ற சிப்பாய் ஒருவர் நீதிமன்றத்திலேயே, அங்கே 300, 400 உடல்கள் புதைந்திருக்கின்றன என்று சொன்னார். 1999-இல் தோண்டினார்கள். 15 எலும்புக்கூடுகள். இருவரை மட்டும் அடையாளம் கண்டார்கள். பிறகு புதைகுழி விசாரணை அசையாமல் கிடந்தது.

2025 பிப்ரவரியில் செம்மணிக்கு அருகே அரியாலை சித்துப்பாத்தி மயானத்தில் தகனமேடைக்கு அத்திவாரம் வெட்டியபோது எலும்பு தட்டுப்பட்டது. நீதிமன்ற மேற்பார்வையில் அகழ்ந்தார்கள். அந்த ஆண்டுக்குள் எண்ணிக்கை 200-ஐத் தாண்டியது. ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். ஒரு சின்ன எலும்புக்கூட்டோடு நீல நிறப் புத்தகப் பை கிடைத்தது. பொம்மை, காப்பு, செருப்பு கிடைத்தன. ஆகஸ்ட் 5 அன்று அவற்றை வைத்து, சனங்களை வந்து பார்க்கச் சொன்னார்கள். 30 வருஷம் முன்னால் தன் பிள்ளை போட்டிருந்த செருப்பைத் தெரிந்துகொள்ள முடியுமா என்று மேசை முன்னால் குனிந்து பார்க்கும் ஒரு தாயை நினைத்துப் பார்க்கிறேன். பொருளாக இருந்தால் குனிந்து பார்க்கலாம். எலும்பைப் பார்த்து எந்தத் தாய்க்கு என்ன தெரியும்?

பிலடெல்பியாவில் பிள்ளை இருந்தது, கேட்டு வர ஆளில்லை. செம்மணியில் கேட்பவர்கள் சாலையோரத்திலேயே இருக்கிறார்கள். 2017 பிப்ரவரியிலிருந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமல்போன பிள்ளைகளின் படங்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கே தூரத்து உறவைத் தேடித் திரிந்தார்கள். இங்கே பெற்ற தாயின் ஒரு சொட்டு இரத்தம் போதும். அந்தத் தாய்களில் பலர் இந்த வருஷங்களில் போய்விட்டார்கள். எலும்பு காத்திருக்கும். தாய்களுக்குக் காலம் இல்லை. இதைத்தான் எழுத வேண்டும் என்று மூன்று நாளாக மனசு அடித்துக்கொண்டிருந்தது: கொன்றவனைத் தேடுவது நாளைக்கு ஆகட்டும், இரத்தத்தை இன்றைக்கே எடுத்து வையுங்கள்.

*

போளூர் பஸ். ஜன்னலோரம். கொண்டை ஊசி வளைவுகளில் தினை மூட்டைகள் இடமும் வலமும் சரிகின்றன. பக்கத்தில் இருந்தவர் படித்துவிட்டு வைத்த பேப்பரை எடுத்தேன். கை தானாக அந்தப் பக்கத்துக்குப் போனது. சுமார் 60 வயது மதிக்கத்தக்க ஆண். வெள்ளை வேட்டி, அரக்குச் சட்டை. இடது முன்கையில் ‘சரசு’ என்று பச்சை.

இரண்டு தரம் படித்தேன், இரண்டாவது தரம் வாய்விட்டு. தாடையில் தழும்பு போட்டிருக்கவில்லை.