ஐந்தாவது சீலம்

எழும்பூர் கென்னட் சந்திலுள்ள மகாபோதி சங்கத்தில், ஒரு வைசாகப் பௌர்ணமி மாலையில், பிக்ஷு ஒருவர் வாக்கியம் வாக்கியமாகச் சொல்ல, கூடியிருந்தவர்கள் அதைத் திருப்பிச் சொல்லிப் பஞ்ச சீலம் ஏற்றுக்கொண்டிருந்தபோது, எனக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்த மனிதர் முதல் நான்கு சீலங்களையும் தெளிவான குரலில் சொல்லிவிட்டு, ஐந்தாவது வந்ததும் வாயை மூடிக்கொண்டார். நடந்தது இவ்வளவே. இதை ஒரு சம்பவமென்று சொல்வதற்கே சங்கோசமாக இருக்கிறது. ஆயினும் அதற்குப் பிறகு எத்தனையோ பௌர்ணமிகள் வந்துபோன இன்றைக்கும், தூக்கம் பிடிக்காத இராத்திரிகளிலும், பஸ்ஸுக்காகக் காத்து நிற்கும் வேளைகளிலும், அந்த மனிதர் என் மனத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார். அவர் வாயை மூடிக்கொண்டதில் பெரிய அதிசயம் ஒன்றுமில்லை. வாயை மூடியவர், மார்புக்கு நேரே கூப்பியிருந்த கைகளை இறக்கவில்லை என்பதுதான் என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் விஷயம்.

உயிர்க்கொலை, களவு, முறை தவறிய காமம், பொய், மயக்கந்தரும் மது ஆகிய ஐந்தினின்றும் விலகி நிற்கும் பயிற்சியை மேற்கொள்கிறேன் என்று இல்லறத்தான் தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும் சங்கல்பமே பஞ்ச சீலம். கேட்டு வரம் கொடுக்கவோ, தவறினால் தண்டிக்கவோ அங்கே ஒரு தெய்வம் நிற்பதில்லை. பிக்ஷுவும் சொல்லிக் கொடுப்பவரேயன்றிக் கணக்குக் கேட்பவரல்லர். ஆகவே ஐந்தாவதையும் கூட்டத்தோடு கூட்டமாக முணுமுணுத்துவிட்டு, வாசற்படி இறங்கும்போதே மறந்துவிட்டிருந்தாலும் அவரைக் கேட்பாரில்லை. அன்று அந்த மண்டபத்தில் ஐந்தையும் உரக்கச் சொன்ன எங்களில் எத்தனை பேர் பொய்யைப் பற்றிய சீலத்தை மறுநாள் பொழுது சாய்வதற்குள் மீறியிருப்போம் என்று கணக்கெடுக்கப் புகுந்தால், அது ஒருவருக்கும் சுகமான கணக்காக இராது.

எளிய காரணங்களை நான் யோசிக்காமலில்லை. ஐந்தாவது சீலத்தின் பாளி வாசகம் மற்ற நான்கையும்விட நீளமானது. புதிதாக வருகிறவனின் நாக்கு அதில் இடறுவது சகஜம். தொண்டை கமறியிருக்கலாம். அல்லது அவர் மதுக்கடையில் வேலை பார்த்துக் குடும்பத்தைக் காப்பாற்றுகிறவராக இருக்கலாம். ஆயுதம், உயிர்ப் பிராணி, மாமிசம், மது, விஷம் ஆகிய ஐந்தையும் உபாசகன் வியாபாரம் செய்யலாகாது என்று அங்குத்தர நிகாயம் விலக்கியிருப்பதை யாரேனும் அவருக்குச் சொல்லியிருக்கவும் கூடும். ஆனால் எந்த ஊகத்தை ஏற்றாலும் அந்தக் கைகளுக்குச் சமாதானம் கிடைக்கவில்லை. நாக்கு இடறியவன் வெட்கத்தோடு கைகளைச் சற்றே தளர்த்துவான். மனம் ஒப்பாதவன் இறக்கிவிடுவான். இவரோ பிக்ஷு ஆசி கூறி முடிக்கும் வரையில் கைகளைக் கூப்பியபடியே இருந்துவிட்டு, மூச்சு நாசியில் வந்து படும் இடத்தைக் கவனியுங்கள் என்று எங்களுக்கெல்லாம் சொல்லப்பட்டபோது, ஐந்தையும் ஏற்றவர்களைப் போலவே கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் அமர்ந்தார். எல்லாம் முடிந்ததும் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போய்விட்டார். அவரிடம் போய், ‘ஐயா, ஐந்தாவதை ஏன் விட்டீர்கள்?’ என்று கேட்கிற அளவுக்கு நான் இங்கிதம் அற்றவனாக இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியம் இருந்திராது.

பௌத்தத்திற்குள் புதிதாக அடியெடுத்து வைக்கிறவன் முதலில் கேள்விப்படுவது சீலம், சமாதி, பிரக்ஞை என்னும் மூன்று படிகளை. ஐந்தாம் நூற்றாண்டில் இலங்கையின் அனுராதபுரத்து மகாவிகாரையில் இருந்து நூல்கள் செய்தவரும், அதற்குமுன் நம் காஞ்சியிலும் தங்கியிருந்தவருமான புத்தகோஷர், விசுத்தி மக்கம் என்னும் தம் பெருநூலை இந்த முறையிலேயே அமைத்திருக்கிறார். அதன் 23 அத்தியாயங்களில் முதல் இரண்டு சீலத்துக்கும், அடுத்த பதினொன்று சமாதிக்கும், மீதிப் பத்து பிரக்ஞைக்கும் உரியவை. தியானத்துக்குரிய நாற்பது கர்மஸ்தானங்களை அவர் விவரிக்கத் தொடங்குமுன், சீலத்தைப் பற்றி நம் பொறுமையைச் சோதிக்கும் அளவுக்கு விரித்துப் பேசிவிடுகிறார். இந்தக் கிரமம் வெறும் மரபுப் பற்றினால் வந்ததன்று. ஒழுக்கத்தில் குறையில்லாதவனுக்குப் பச்சாத்தாபமில்லை. பச்சாத்தாபமில்லாதவனுக்குக் களிப்பு உண்டாகிறது. களிப்பினால் உடம்பு அமைதியுறுகிறது. உடம்பு அமைதியுற்றவனுக்குச் சுகமும், சுகமுற்றவனுக்குச் சித்த ஏகாக்கிரமும் தாமே வந்து சேர்கின்றன என்பது சூத்திரங்கள் கூறும் காரண காரியத் தொடர். கண்ணை மூடிப் பத்து நிமிஷம் உட்கார்ந்து பார்த்த எவருக்கும் இதன் உண்மை விளங்கும். மூச்சைத் தேடிப் போன இடத்தில், காலையில் யாரையோ கடிந்து பேசியதும், நண்பரிடம் சொன்ன சிறு பொய்யும் அல்லவா முந்திக்கொண்டு வந்து நிற்கின்றன!

அப்படியானால், நான்கை ஏற்று ஒன்றை விட்டவருக்கு அந்தத் தொடர் எந்த இடத்தில் அறுபடும்? வாக்குக் கொடுத்து மீறினால் வரும் பச்சாத்தாபத்தினின்று, வாக்கே கொடாமையால் அவர் தப்பித்துக்கொண்டாரா? அல்லது பொய் சொல்வதில்லை என்று அப்போதுதான் வாய்விட்டுச் சொன்னவர், அதற்கு அடுத்த மூச்சிலேயே பொய் சொல்ல மனமில்லாமல் மௌனமானாரா? இரண்டாவது விளக்கம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. பிடித்திருப்பதனாலேயே அதை நம்பத் தயக்கமாகவும் இருக்கிறது.

என் பாட்டி ஏகாதசிதோறும் உபவாசம் இருப்பாள். அன்னத்தைத் தொடமாட்டாள், பலகாரத்தையும் தொடமாட்டாள், ஆனால் விடிந்ததும் ஒரு தம்ளர் காப்பி மட்டும் சாப்பிட்டாக வேண்டும். ஒரு சமயம் எங்கள் வீட்டில் தங்கியிருந்த பௌராணிகர் ஒருவர், “அம்மா, ஏகாதசியிலே காப்பியா? அப்புறம் அது என்ன உபவாசம்?” என்று கேட்டுவிட்டார். பாட்டி தம்ளரைக் கீழே வைக்காமலே, “தலைவலியோடே உட்கார்ந்தா தலையைத்தான் நெனைச்சுண்டிருப்பேன், பெருமாளை எங்கே நெனைக்கிறது?” என்றாள். பௌராணிகர் சிரித்துவிட்டார், மேற்கொண்டு பேசவில்லை. அவர் காசிக்குப் போனபோது எந்தக் காயைத் துறந்துவிட்டு வந்தாரென்று பாட்டி அப்புறம் எங்களைக் கூட்டி வைத்துக்கொண்டு சொன்னாள்: பாகற்காய். பிறந்தது முதல் அவர் தொட்டறியாத காய் அது! குடியே அறியாத என்னைப் போன்றவன் ஐந்தாவது சீலத்தைக் கம்பீரமாகச் சொல்வதும் காசியில் பாகற்காயை விடுவது போலத்தான். பாட்டி எண்பது வயது வரையில் ஏகாதசியை விடவுமில்லை, காப்பியை விடவுமில்லை. அவள் செய்தது குறைந்த விரதமா, தனக்கு இயன்ற விரதமா என்று சிறு பிராயத்தில் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

இப்படி யோசித்துக்கொண்டிருந்த நாட்களில், கல்லூரியில் பரீட்சைக்காகப் படித்து முக்கால்வாசி மறந்துபோன மணிமேகலையை மறுபடியும் எடுத்துப் புரட்டினேன். ஆதிரை பிச்சையிட்ட காதையில், கப்பல் உடைந்து நக்க சாரணர் என்னும் நாகர் வாழும் மலைப்பக்கம் ஒதுங்குகிறான் சாதுவன் என்னும் வணிகன். அவர்களுடைய மொழியை அறிந்தவனாதலால் உயிர் பிழைக்கிறான். நாகர் தலைவன் உபசாரமாகப் பெண்ணும் கள்ளும் ஊனும் கொடுக்கச் சொல்ல, சாதுவன் வேண்டாமென்று மறுத்து, இவற்றைச் சான்றோர் விலக்கியதன் காரணத்தையும், இருவினைப் பயனையும், மறுபிறப்பையும் எடுத்துச் சொல்கிறான். கேட்ட தலைவன் மனம் கரைகிறான். ஆனால் கள்ளையும் ஊனையும் கைவிட்டால் எங்களால் உயிர் தரித்திருக்க முடியாது, சாகும் வரையில் எங்களுக்கு ஆகக்கூடிய அறம் எதுவோ அதைச் சொல் என்று கேட்கிறான். சாதுவன் முகஞ் சுளிக்கவில்லை. இனிமேல் கப்பல் உடைந்து கரை ஒதுங்குகிறவர்களைக் கொல்லாமல் காப்பாற்று, மூத்துத் தாமே இறக்கும் விலங்குகளின் ஊனை மட்டும் உண்டு, எவ்வுயிர்க்கும் தீங்கு செய்யாதே என்கிறான். கள்ளைப் பற்றி அந்த உபதேசத்தில் ஒரு சொல்லும் இல்லை! மது விலக்கைப் பேசி வாய் மூடு முன்னே, கேட்பவனின் நிலையறிந்து, அதை நீக்கி ஓர் அறத்தைக் கூறிய அந்த வணிகனைக் காவிய ஆசிரியர் சாத்தனார் குறைத்துப் பேசவுமில்லை.

இதற்கு இணையாகச் சம்யுத்த நிகாயத்தில் சரகாணி என்ற சாக்கியனின் கதை ஒன்று உண்டு. அவன் இறந்தபோது, அவன் நிர்வாண மார்க்கத்தில் புகுந்த சோதாபன்னன் என்று பகவான் அறிவிக்க, சாக்கியர்கள் பலர் கூடி, சிக்ஷையில், அதாவது சீலப் பயிற்சியில், பலவீனனாகிக் குடித்துத் திரிந்தவனுக்கா இந்தப் பதவி என்று முணுமுணுத்தார்கள். மகாநாமன் என்ற சாக்கியன் அதைப் பகவானிடம் தெரிவித்தபோது, நல்ல சொல்லையும் தீய சொல்லையும் பகுத்தறியும் சக்தி இந்தச் சால மரங்களுக்கு இருந்தால் இவற்றையும் சோதாபன்னம் என்றே சொல்வேன், சரகாணியைப் பற்றிக் கேட்பானேன் என்ற கருத்துப்பட அவர் விடையளித்தார். குடிகாரர்கள் எல்லோரும் ஆனந்தப்பட வேண்டிய கதைதான். ஆனால் முடிவில் ஒரு வார்த்தை இருக்கிறது. சரகாணி மரண காலத்தில் சிக்ஷையை ஏற்றுக்கொண்டான் என்கிறது சூத்திரம். அதாவது, விட்டுப்போன இடம் கடைசி வரையில் விட்டுப்போனதாகவே இருந்துவிடவில்லை.

குறையோடு தொடங்கலாம் என்ற கட்சிக்கே நான் சாய்ந்துவிட்டேனென்று வாசகர் நினைக்கலாம். அப்படிச் சாயவொட்டாமல் தடுப்பவை வேறு சில நினைவுகள். மகாமகோபாத்தியாயர் சாமிநாதையர் மணிமேகலையைப் பதிப்பித்து வெளியிட்ட அதே 1898ஆம் ஆண்டில்தான், அயோத்திதாச பண்டிதர் கர்னல் ஆல்காட்டின் துணையோடு இலங்கைக்குச் சென்று பஞ்ச சீலம் பெற்றுத் திரும்பிச் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1956 அக்டோபர் 14ஆந் தேதி நாகபுரியில் அம்பேத்கர் லட்சக்கணக்கான மக்களோடு திரிசரணமும் பஞ்ச சீலமும் ஏற்றபோது, அவற்றோடு நில்லாமல் 22 பிரதிக்ஞைகளையும் சொல்லச் செய்தார். மது அருந்தேன் என்பது அவற்றுள் ஒன்று. தலைமுறை தலைமுறையாக இழிவென்று சுமத்தப்பட்டதை ஒரே நாளில் உதறி எழுந்த அந்த ஜனங்களுக்குச் சீலம் தியானத்திற்கு முன் ஏறவேண்டிய படியாக மட்டும் இருக்கவில்லை. அதுவே புதுப் பிறவியாக இருந்தது. அந்தத் திடலில் நின்று, ‘எனக்கு இயன்றது நான்குதான்’ என்று ஒருவன் மௌனமாயிருப்பதை என்னால் கற்பனை செய்யவே முடியவில்லை. இயன்ற அளவு என்பது ஒருவனுக்குப் பணிவாக இருக்கையில் மற்றொருவனுக்குச் சௌகரியமாக மாறிவிடுவதை நாம் தினந்தோறும் பார்க்கிறோமே.

பர்மாவில் அக்கவுண்டன்ட் ஜெனரலாக இருந்த ஊ பா கின் என்ற ஆசாரியர், ஒற்றைத் தலைவலிக்கு மார்பின் ஊசி போட்டுக்கொண்டிருந்த கோயங்கா என்ற வணிகர் 1955இல் தம்மிடம் வந்தபோது, தலைவலியைத் தீர்த்துக்கொள்வதற்காகத் தர்மத்தை நாடுவதானால் வரவேண்டாமென்று முதலில் மறுத்துவிட்டார். மனம் மாறி வந்தவரைப் பின்பு ஏற்றார். அந்தச் சிஷ்யர்தான் 1969இல் இந்தியாவுக்கு வந்து விபஸ்ஸனைத் தியானத்தைப் பரப்பினார். அவருடைய மரபில் இன்றும் பத்து நாள் முகாமுக்கு வருகிறவன் முதலில் பஞ்ச சீலத்தை முழுமையாக ஏற்கவேண்டும். ஒன்றைக்கூட விட்டுக் கொடுப்பதில்லை. ஆனால் கேட்பது அந்தப் பத்து நாளைக்கு மட்டும். முதல் மூன்று நாள் மூச்சைக் கவனிப்பதிலேயே கழிகின்றன. முழுமையையும் இயன்ற அளவையும் ஒரே கட்டில் சேர்த்து முடிந்த இந்தச் சாமர்த்தியத்தை நான் மெச்சுகிறேன். பதினோராவது நாள் காலையில் என்ன செய்வது என்ற கேள்விக்கு மட்டும் இதில் பதில் காணோம்.

தியானம் பழக விரும்பும் நண்பர்கள் இப்போதெல்லாம் என்னிடம் வந்து, எந்தப் புத்தகம், எந்த ஆசனம், காலையா மாலையா என்று கேட்கிறார்கள். முதுகை நிமிர்த்தி உட்காருங்கள், வருகிற மூச்சை வருகிறதென்றும் போகிற மூச்சைப் போகிறதென்றும் அறியுங்கள், மனம் ஓடிவிட்டால் கோபித்துக்கொள்ளாமல் அழைத்து வாருங்கள் என்பது வரையில் தயக்கமின்றிச் சொல்கிறேன். ஐந்தில் ஒன்றை இப்போது என்னால் விட முடியாது, ஆயினும் வரலாமா என்று ஒருவர் கேட்டால், ‘வாருங்கள்’ என்று சொல்லத் துணிவு இல்லை. ‘விட்டுவிட்டு வாருங்கள்’ என்று சொல்லவும் மனம் வரவில்லை. சாதுவனின் கதையையும் சரகாணியின் கதையையும் முழுவதும் படித்துவிட்டுத் தாமே தீர்மானித்துக்கொள்ளும்படி அவரைக் கேட்டுக்கொள்கிறேன். அவர் என்ன தீர்மானித்தார் என்பதை எனக்கும் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்.