படம் எடுத்தால்தான் தெரியுமா?

கட்டிலிலிருந்து விழுந்த ஒன்றரை வயதுக் குழந்தையோடு திருச்சியில் எந்த அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போனாலும், "எதற்கும் ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாமே" என்று பெற்றோர் கேட்பது இயல்பு. கண்ணால் காண்பது மட்டும்தான் அறிவா என்ற பழைய கேள்வி அதற்குள் இருக்கிறது. சார்வாகர்கள் ஆம் என்றார்கள். ஸ்ரீரங்கத்திலிருந்து ராமாநுஜர் வளர்த்த விசிஷ்டாத்வைதமோ காட்சி, அனுமானம், சப்தம் என மூன்று பிரமாணங்களை, அதாவது அறிவுக்கான வழிகளை, ஏற்றது. பின்னாளில் அங்கே வாழ்ந்த வேதாந்த தேசிகர் பிரமாணங்களை ஆராயவே 'நியாய பரிசுத்தி' எழுதினார். அரங்கனைச் சேவித்துவிட்டு வருகிறவரும் ஸ்கேன் அறை வாசலில் சார்வாகராகிவிடுவது வேடிக்கைதான்.

ஸ்கேன் இல்லாமல் அறிகுறிகளை வைத்து மருத்துவர் செய்யும் அனுமானம் வெறும் ஊகம் அல்ல. வட அமெரிக்காவின் 25 அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்குத் தலையில் அடிபட்டு வந்த 42,412 குழந்தைகளை ஆராய்ந்த முடிவுகள் 2009-இல் 'லான்செட்' இதழில் வெளியாயின. கவலைப்படத்தக்க மூளைக் காயம் நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவே இருந்தது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையிடம் பார்க்க வேண்டியவை ஆறு: நினைவில் மாற்றம், ஐந்து விநாடியாவது மயக்கம், மூன்றடிக்கு மேலிருந்து விழுதல் போன்ற பலத்த அடி, விரலுக்குத் தட்டுப்படும் எலும்பு முறிவு, நெற்றியைத் தவிர மற்ற இடத்தில் வீக்கம், குழந்தை வழக்கம்போல் இல்லை என்ற பெற்றோரின் சொல். அந்தக் கடைசி அடையாளம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சப்தம் என்றால் வேதாந்திக்கு முதலில் வேதம். ஆனால் விஷயம் அறிந்தவரின் நம்பத்தக்க சொல்லையும் நியாய மரபு அதில் சேர்க்கும். 'எப்பவும்போலத்தான் விளையாடுறான்' என்று அம்மா சொல்வது இங்கே பிரமாணமாகிறது. காட்சிக்கும் ஒரு விலை உண்டு: சி.டி. கதிர்வீச்சால் பிற்காலத்தில் புற்றுநோய் வரும் வாய்ப்பு மிகச் சிறியது, ஆனாலும் இல்லாமல் போகவில்லை.

அனுமானம் தவறாதா என்று கேட்கலாம். தவறும். அதே ஆய்வில், இத்தகைய அடையாளங்கள் இல்லாதவருக்கு ஸ்கேன் வேண்டாம் என்னும் விதியைச் சோதித்தபோது, இரண்டு வயதைக் கடந்தவர்களில் ஆபத்தில்லை என்று விதி ஒதுக்கிய 3,800 பேரில் இருவருக்குக் காயம் இருந்தது. இருவருக்குமே அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை. இதைவிட வலுவான ஆட்சேபம் வேறொன்று: அது அமெரிக்கக் கணக்கு, துறையூருக்கு அப்பாலிருந்து வரும் குடும்பத்துக்கு அது பொருந்துமா? நெருப்பிருந்தால் புகையிருக்கும் என்பது விறகு ஈரமாக இருந்தால்தான் செல்லும் என்று தர்க்க நூலார் சொல்வார்கள். அப்படி, 'வீட்டில் வைத்துக் கவனியுங்கள், மாற்றம் தெரிந்தால் வாருங்கள்' என்ற அறிவுரை, நள்ளிரவில் திரும்பிவர வண்டி கிடைக்கும் இடத்தில்தான் செல்லும். அந்த வசதி இல்லாதவர்களை வீட்டுக்கு அனுப்பாமல் வார்டிலேயே சில மணி நேரம் வைத்துக் கவனிப்பது அனுமானத்தின் நிபந்தனையை மதிப்பதுதான். இதற்கிடையில் குழந்தை மீண்டும் மீண்டும் வாந்தி எடுத்தாலோ, எழுப்பியும் சரியாக விழிக்காவிட்டாலோ, அப்போது ஸ்கேன் எடுக்கத் தயங்க வேண்டியதில்லை.