யாருடைய தியாகம்?

தானா ராத்தாவில் மழை பிடித்துக்கொண்டால் ஒட்டுக்கடையில் பந்துக் கதைதான். முப்பது வருடம் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்த மாமா ஒருவர் போன வாரம் சொன்னார்: "எண்பதுல நம்ம பசங்க ஒரு ஆட்டம்கூட தோக்கல தம்பி. ஆனா மாஸ்கோவுக்குப் போகல. நாட்டுக்காகத் தியாகம் பண்ணாங்க."

1980 ஒலிம்பிக் தகுதிச்சுற்று அது. கோலாலம்பூரில் நடந்தது. ஜப்பானோடு மட்டும் சமன். மற்றதெல்லாம் மலேசியாவுக்கு வெற்றி. மெர்டேக்கா அரங்கில் நடந்த கடைசி ஆட்டத்தில் தென்கொரியாவை 2-1 என்று வென்றார்கள். வெற்றி கோலை அடித்தவர் ஜேம்ஸ் வோங். கோல் காத்தவர் 'ஸ்பைடர்மேன்' ஆறுமுகம். தற்காப்பில் சோ சின் ஆன், சந்தோக் சிங். ஆனால் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்ததைக் கண்டித்து மலேசியா ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது. அணி வீட்டில் இருந்தது.

புறக்கணித்தது தவறு என்று நான் சொல்லவில்லை. ஒரு நாட்டை இன்னொரு நாடு மிதிக்கும்போது, 'விளையாட்டில் அரசியல் வேண்டாம்' என்பது வசதியான பேச்சு. எனக்கு உறுத்துவது அந்தத் 'தியாகம்' என்ற சொல். தன் கையில் உள்ளதைத் தானே கொடுத்தால் தியாகம். அடுத்தவர் எடுத்துக் கொடுத்தால், காரணம் எவ்வளவு நல்லதானாலும், அது பறிப்பு. பிரிட்டன் அரசும் போக வேண்டாம் என்றுதான் சொன்னது, ஆனால் தடுக்கவில்லை. செபாஸ்டியன் கோ போனார், 1500 மீட்டரில் தங்கம் வாங்கினார். அங்கே போகாமல் நின்ற வீரரைத் தியாகி என்று சொல்லலாம். நம் பையன்களிடம் யாராவது கேட்டார்களா?

எங்கள் வீட்டிலும் இந்தச் சொல் உண்டு. படிவம் மூன்றோடு அக்காவை நிறுத்தி, காய்கறித் தோட்டத்து வேலைக்கு அனுப்பினார்கள். நான் படித்தேன். "அக்கா உனக்காகத் தியாகம் பண்ணா" என்று அம்மா இன்றும் சொல்வார். அன்றைக்கு வீட்டில் வேறு வழி இல்லை என்பது உண்மை. அக்காவைக் கேட்கவில்லை என்பதும் உண்மை.

தியாகம் என்று சொல்லிவிட்டால் நன்றியோடு கணக்கு முடிந்துவிடுகிறது. பறிப்பு என்று ஒப்புக்கொண்டால் கடன் நிற்கும். 2016இல் 'ஓலா போலா' படம் பார்த்து அந்த அணிக்காகக் கண் கலங்கினோம். ஆறுமுகம் 1988இலேயே சாலை விபத்தில் போய்விட்டார். அவருக்கு அந்தக் கடனை இனி யாரும் அடைக்க முடியாது.

அக்கா இருக்கிறாள். இத்தனை வருடமாக நன்றி மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். "உனக்குப் படிக்க ஆசை இருந்துச்சா?" என்று ஒருநாளும் கேட்டதில்லை. பதில் தெரியும் என்பதால்தான் கேட்கவில்லை.