நிறமும் நிகழ்தகவும்

ஒருவனது எதிர்காலத்தை எண்களைக் கொண்டு கூறும் வழக்கம் சோதிடரோடு முடிந்துவிடவில்லை. இன்றைய மருத்துவமும் அதனைச் செய்கின்றது. கோள்களின் இடத்திலே குருதியமுக்கம், கொலஸ்ரரோல், நீரிழிவு, புகைப்பழக்கம் ஆகியன நிற்கின்றன. அடுத்த பத்தாண்டுகளுள் மாரடைப்போ பாரிசவாதமோ ஏற்படுவதற்கான நிகழ்தகவு நூற்றுவீதமாகக் கிடைக்கின்றது.

2013ஆம் ஆண்டில் அமெரிக்க இருதயவியற் கல்லூரியும் அமெரிக்க இருதயச் சங்கமும் வெளியிட்ட சமன்பாடுகள் வெள்ளையர்க்கு ஒன்றாகவும் கறுப்பினத்தவர்க்கு வேறொன்றாகவும் அமைந்தன. அங்கே தரப்பட்ட உதாரணம் நோக்கத்தக்கது. வயது 55, மொத்தக் கொலஸ்ரரோல் 213, நல்ல கொலஸ்ரரோல் 50, குருதியமுக்கம் 120, நீரிழிவும் புகைப்பழக்கமும் இல்லை. இவையனைத்தும் ஒத்திருக்க, வெள்ளையினப் பெண்ணுக்கு 2.1 வீதம், கறுப்பினப் பெண்ணுக்கு 3.0 வீதம்.

இவ்வேறுபாடு எங்கிருந்து வந்தது? தோலின் நிறம் இருதயத்தை நலிவிப்பதில்லை. வாழும் தெரு, கிடைக்கும் உணவு, எட்டாத வைத்தியசாலை, அன்றாட அவமதிப்பு ஆகிய எல்லாம் சேர்ந்து விளைவித்ததையே சமன்பாடு 'நிறம்' என்ற ஒரே சொல்லில் அடக்கியது. சமூகம் செய்த தீங்கு இங்ஙனம் உடலின் இயல்பாகத் தோற்றம் பெறுகின்றது. இதுவே அதன் மீதான முதற் குற்றச்சாட்டாகும்.

தென்னாசியரின் நிலையோ விசித்திரமானது. அவர்களுக்கெனத் தனிச் சமன்பாடு வகுக்கப்படவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து பொஸ்ரனுக்குக் குடிபெயர்ந்த ஒருவர் வெள்ளையரின் சமன்பாட்டினாலேயே அளக்கப்படவேண்டியவரானார். இவ்வகுப்பு இயற்கை வகுத்ததன்று என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

எனினும், நிறத்தை நீக்கிவிட்டால் நீதி கிட்டிவிடும் என்பதும் எளிதில் ஏற்கத்தக்கதன்று. சமமல்லாதாரைச் சமமாக நடத்துவதும் அநீதியே என்பது அரிஸ்ரோட்டில் காலந்தொட்டு வரும் வாதம். கறுப்பின மக்களிடையே இந்நோய் மிகுந்திருப்பது உண்மை. கணிப்பு 7.5 வீதத்தைத் தொடும்போதே ஸ்ரற்றின் மாத்திரை பற்றிய பேச்சு எழும் என்றால், எண்ணைக் குறைத்துக் காட்டும் 'சமத்துவம்' மருந்து வேண்டியவரை வெறுங்கையுடன் அனுப்பிவிடக்கூடும்.

இச்சிக்கலுக்கு ஒரு வரலாறும் உண்டு. இத்தகைய கணிப்புக்களுக்கு வழிகாட்டிய பிரமிங்காம் ஆய்வு 1948இல் மசாசூசெற்ஸ் மாநிலத்திலே 5,209 பேருடன் தொடங்கிற்று. அவர்கள் ஏறத்தாழ அனைவரும் வெள்ளையர். 1980களில் வேறு சில ஆய்வுகள் இரு இனத்தாரையும் சேர்த்துக்கொண்டன. கறுப்பின மக்களையே பொருளாகக் கொண்ட பேராய்வு மிசிசிப்பியின் ஜாக்சன் நகரிலே 2000ஆம் ஆண்டில்தான் ஆரம்பமாயிற்று. அதில் ஐயாயிரத்துக்கும் அதிகமானோர் தம் உடலை ஆய்வுக்கு ஒப்புவித்தனர். அயல் மாநிலமான அலபாமாவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, மேகநோயுற்ற கறுப்பின ஆடவர் நூற்றுக்கணக்கானோரை அரசாங்கச் சுகாதார சேவையே சிகிச்சையின்றி விட்டு வேடிக்கை பார்த்திருந்தது. அதனை அறிந்த சமூகம் மீண்டும் வைத்தியர்முன் கைநீட்டியமை சிறிய காரியமன்று. அவ்வாறு பெறப்பட்ட அறிவை அவர்கள் நலனுக்குப் பயன்படுத்தாது விடுவதும் ஒருவகை நம்பிக்கைத் துரோகமே.

2023இல் அமெரிக்க இருதயச் சங்கம் புதிய சமன்பாடுகளை அறிவித்தது. அவற்றிலே இனம் இல்லை. சிறுநீரகத்தின் செயற்றிறன் சேர்க்கப்பட்டது. வாழிடத்தின் வறுமைநிலையைத் தபாற் குறியீட்டின் வழியே கணக்கில் எடுக்கவும் வழி செய்யப்பட்டது. இம்மாற்றம் சரியான திசையிலேயே செல்கின்றது. நிறத்தின்மேற் சுமத்தப்பட்ட பழியை அது உரிய இடத்திற்கு, தெருவுக்கு, நகர்த்துகின்றது. ஆயினும் ஒரே தெருவில் ஒரே வருமானத்துடன் வாழும் வெள்ளையரும் கறுப்பரும் கடையிலும், வேலைத்தலத்திலும், வைத்தியரின் அறையிலும் ஒரே வாழ்வை வாழ்வதில்லை. அதனைத் தபாற் குறியீடு அறியாது. மேலும், அக்குறியீட்டைச் சேர்ப்பது கட்டாயமுமன்று. வைத்தியர் விரும்பினாற் கேட்கலாம், அன்றேல் விட்டுவிடலாம்.