மறைப்பது அன்பாகுமா?



வீட்டில் ஒருவருக்குக் கசநோய் என்று கண்டால் நாம் அதை வீட்டாருக்கு மறைப்பதில்லை. மனைவியையும் பிள்ளைகளையும் கூட்டிச்சென்று சோதிப்பிக்கிறோம். ஆனால் பாலுறவினால் தொற்றும் நோய் என்றால் மட்டும், மறைப்பதே மரியாதை என்று எண்ணுகிறோம். இது சரிதானா?

ஒரு நிலைமையை எண்ணிப் பாருங்கள். தொழிலின் பொருட்டு நெடுநாள் வீட்டை விட்டிருந்த ஒருவர் தவறிவிடுகிறார். சில வாரங்களின் பின் நோவில்லாத ஒரு புண் தோன்றுகிறது. தானாகவே ஆறியும் விடுகிறது. அவர் மனம் வருந்திப் பாவசங்கீர்த்தனம் செய்து வீடு திரும்புகிறார். கடவுள் மன்னித்துவிட்டார், புண்ணும் ஆறிவிட்டது, இனி மனைவிக்குச் சொல்லி அவள் மனத்தை ஏன் நோகச் செய்ய வேண்டும் என்று தம்மைத் தேற்றிக்கொள்ளுகிறார்.

முதலில் வைத்தியம் சொல்வதைக் கேட்போம். சிபிலிஸ் நோயில் முதற் புண் மருந்தில்லாமலே 3 முதல் 6 வாரங்களில் ஆறிவிடும். ஆனால் கிருமி உடலிலேயே தங்கியிருக்கும். பல ஆண்டுகளின் பின் இருதயத்தையும் மூளையையும் அது தாக்கக்கூடும். கர்ப்பிணித் தாய்க்கு இருந்தால் கருச்சிதைவும், குழந்தை இறந்து பிறப்பதும் நேரலாம். கொனோரியா தொற்றிய பெண்கள் பலருக்கு எந்த அறிகுறியும் தெரிவதில்லை. கவனியாது விட்டால் கருக்குழாய்கள் பழுதுபட்டுப் பிள்ளைப்பேறே இல்லாமற் போகலாம். தன்னிடம் இருப்பதே தெரியாத நோயினால் பிள்ளையற்றுப்போன ஒருத்தியை, ஊர் மலடி என்று தூற்றுகிறது. உண்மை தெரிந்த கணவன் வாய்மூடி நிற்கிறான். இதைவிடப் பெரிய அநீதி உண்டா?

இனி மனச்சாட்சியின் பக்கம் வருவோம். திருடியவன் பாவமன்னிப்புப் பெற்றாலும், திருடிய பொருளைத் திருப்பிக் கொடுக்கும் கடமை அவனை விட்டு நீங்குவதில்லை. நடைபாதையில் குழி வெட்டியவன் மனம் வருந்தினால் மட்டும் போதாது. குழியை மூடவும் வேண்டும். சங்கீர்த்தனத்தில் பாவம் தீர்கிறது. மனைவியின் இரத்தத்தில் உள்ள கிருமி அதனால் தீர்வதில்லை. அதைத் தீர்க்க வேண்டியது கணவனின் கடமை.

கணவனின் உடல் மனைவிக்கும், மனைவியின் உடல் கணவனுக்கும் உரியது என்று புனித பவுல் கொரிந்தியருக்குப் போதித்தார். இதிலிருந்து உரிமையை மட்டும் எடுத்துக்கொள்ளுகிறோம், பொறுப்பை விட்டுவிடுகிறோம். என் உடல் என் துணைக்கு உரியதென்றால், அதிலுள்ள ஆபத்தை அறியும் உரிமையும் அவருக்கு உண்டு.

“சொன்னால் குடும்பம் உடைந்துவிடுமே” என்பீர்கள். பயம் நியாயமானது. தவறின் விபரம் அனைத்தையும் ஒரே நாளில் கொட்ட வேண்டுமென்பதில்லை. ஆனால், “எனக்கு இன்ன நோய் கண்டிருக்கிறது, நீயும் சோதித்துக்கொள்ள வேண்டும்” என்பதைச் சொல்லாமல் இருக்க முடியாது. எப்படிச் சொல்வது என்பதற்கு வைத்தியரின் உதவியை நாடலாம். நம் நாட்டில் மாவட்டங்களின் பெரிய அரசாங்க வைத்தியசாலைகளில் இதற்கெனக் கிளினிக்குகள் உண்டு. சிகிச்சை இலவசம், இரகசியமும் காக்கப்படும். ஆரம்ப நிலையிலுள்ள சிபிலிசுக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு பெனிசிலின் ஊசி போதும். பாமசியில் தாமாகவே குளிசை வாங்கி விழுங்குவது ஆபத்து. கொனோரியாக் கிருமி பல பழைய மருந்துகளுக்கு இப்போது மசிவதில்லை. இருவரும் சேர்ந்தே மருந்தெடுக்க வேண்டும். ஒருவர் மட்டும் எடுத்தால் மற்றவரிடமிருந்து நோய் திரும்பவும் தொற்றும். வைத்தியர் சுகம் என்று சொல்லும்வரை உறவைத் தவிர்ப்பதும் அன்பின் செயலே.

துன்பப்பட்ட துணைக்கும் ஒரு வார்த்தை. மன்னிப்பது என்பது ஆபத்துக்கு உடலைக் கொடுப்பது அல்ல. சோதனை முடியும்வரை மறுப்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. அது மன்னியாமை ஆகாது.

மற்றொன்றையும் மறக்கலாகாது. நோயுற்ற எல்லாரும் பாவம் செய்தவர்கள் அல்லர். பிறப்பிலேயே பெற்றவர்களும், இரத்தத்தினால் பெற்றவர்களும், துணையிடமிருந்து அறியாமல் பெற்றவர்களும் உண்டு. எச்.ஐ.வி. நோயை எடுத்துக்கொள்ளுங்கள். 1987ல் இலங்கையர் ஒருவரிடம் அது முதன்முதலாகக் கண்டறியப்பட்டபோது அதற்குப் பயன்தரும் சிகிச்சை இல்லாதிருந்தது. இன்று ஒழுங்காக மருந்தெடுத்து, சோதனையில் கிருமி தென்படாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து பாலுறவினால் துணைக்கு நோய் தொற்றுவதில்லை. கர்ப்பிணித் தாய்மாரின் இரத்தத்தைக் கிளினிக்கில் சோதித்து வந்ததன் பயனாக, தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் தொற்றுவதை நம் நாடு ஒழித்துவிட்டதென 2019ல் உலக சுகாதார நிறுவனம் சான்று வழங்கியது. வெட்கத்தை ஒதுக்கிக் கையை நீட்டிய தாய்மாருக்கும் இந்த நன்மையில் பங்குண்டு.

இயேசு தொழுநோயாளியைத் தொட்டுக் குணமாக்கினார். நோயாளியின் கதையைக் கிணற்றடியிலும் கோவில் முற்றத்திலும் பேசித் திரியும் நாமோ, அவனை மறைவிடத்துக்கே துரத்துகிறோம். ஒருவன் உண்மை சொல்ல அஞ்சுவதில் நம் நாவுக்கும் பங்கில்லையா?

இன்றிரவு செபம் முடிந்தபின் சற்றே சிந்தியுங்கள். துணைக்குச் சொல்ல வேண்டியது உங்களிடம் ஏதும் இருந்தால், நாளைக் காலை வைத்தியரிடம் புறப்படுங்கள்.